களை எடுக்கும் என்ஜின் கிளம்பவில்லையா? கார்புரேட்டரைக் கவனியுங்கள்

மானாவாரி நிலக்கடலையில் விதைத்த 20-ஆம் நாளை ஒட்டி ஒரு களையும், 40-ஆம் நாளை ஒட்டி இன்னொரு களையும் எடுத்தாக வேண்டும். 45 நாட்களுக்குப் பிறகு விழுது இறங்கத் தொடங்கி விடுவதால் மண்ணைக் கிளறக் கூடாது. மழை பெய்து, சேறு காய்ந்து, மண் பொலபொலவென்று இருக்கும் மூன்று நான்கு நாட்கள்தான் இயந்திரம் ஓட்ட ஏற்ற நாட்கள். அந்த நாட்களில் பார்த்து என்ஜின் கிளம்ப மறுத்தால் என்ன ஆகும் என்பதை உழவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோரையும் அருகும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடிப் பட்டத்தில், நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். மூன்று ஏக்கர் கடலை போட்டிருந்த பெரியவர் ஒருவர், பெட்ரோலில் ஓடும் களை எடுக்கும் கருவியைச் சாளை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு நாளா கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டையே போச்சுங்க சார். டவுன்ல இருந்து மெக்கானிக் பையன் வந்து திருகைத் திருகிப் பார்த்தான். கார்புரேட்டரையே மாத்தோணும்கறான்" என்றார்.

"போன வருஷம் வேலை முடிஞ்சதும் பெட்ரோலை இறக்கி வெச்சீங்களா அண்ணா?" என்று கேட்டேன்.

"அரை டேங்க் இருந்துச்சுங்க. எதுக்கு வீணாக்கறதுன்னு அப்படியே மூடி வெச்சுட்டேன்."

கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே கொஞ்சம் பழுப்பு நிறத் திரவம், அடியில் வெல்லப் பாகு போன்ற பிசின். பழைய வார்னிஷ் வாடை வீசியது. பெட்ரோல் ஏற வேண்டிய ஜெட்டின் துளை முழுவதும் அந்தப் பிசினால் அடைத்திருந்தது. பேரனின் சைக்கிள் பம்பையும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை செய்தோம். புதுப் பெட்ரோல் ஊற்றி இழுத்ததும் என்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனால் அதன் பிறகு, அந்தப் பையன் கண்டபடி திருகி விட்டிருந்த திருகைச் சரியான நிலைக்குக் கொண்டுவர இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கார்புரேட்டரில் உள்ள திருகு ஒரு ஸ்பிரிங்கின் பிடியில் இருக்கிறது. அது தானாகச் சுற்றிக் கொள்வதில்லை. சென்ற ஆண்டு நன்றாக ஓடிய என்ஜின் இந்த ஆண்டு ஓடவில்லை என்றால் மாறியிருப்பது திருகு அல்ல; உள்ளே இருக்கும் பெட்ரோலும் அழுக்கும்தான். ஆகவே முதலில் சுத்தம், கடைசியில்தான் திருகு. இந்த வரிசையை மாற்றுவதால்தான் பல விவசாயிகள் நல்ல கார்புரேட்டரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதுக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

எந்தக் கருவிகளுக்கு இது பொருந்தும்?

பெட்ரோலில் ஓடும் களை எடுக்கும் கருவி, சிறிய உழவு கருவி, பெட்ரோல் பம்பு செட், முதுகில் சுமக்கும் விசைத் தெளிப்பான், புல் வெட்டும் கருவி, மரம் அறுக்கும் வாள், மருந்தும் உரமும் ஏற்றிச் செல்லும் பழைய மொபெட் இவை யாவற்றிலும் கார்புரேட்டர் உண்டு. டீசல் பவர் டில்லரிலும் டீசல் பம்பு செட்டிலும் கார்புரேட்டர் கிடையாது. அவற்றில் எரிபொருளை உள்ளே பீய்ச்சும் பம்பும் நாசிலும் இருக்கின்றன. டீசல் கருவிக்கு இந்தக் கட்டுரை உதவாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு, புதிய இரு சக்கர வாகனங்களில் பெரும்பாலானவை கார்புரேட்டரை விட்டு எலக்ட்ரானிக் இன்ஜக்ஷனுக்கு மாறிவிட்டன. நகரத்தில் புதிதாகத் தொழில் கற்கும் இளைஞர்களுக்குக் கார்புரேட்டரில் கை பழகுவதற்கு வாய்ப்பு குறைந்து வருகிறது. ஆனால் வயலில் இருக்கும் சிறு என்ஜின் இன்னும் கார்புரேட்டரை நம்பித்தான் ஓடுகிறது. ஆகவே இந்த வேலையை விவசாயியே கற்றுக்கொள்வது நல்லது. கடினமான வேலை அன்று. பொறுமைதான் வேண்டும்.

அது வேலை செய்யும் விதம்

வீட்டில் கொசு மருந்து அடிக்கும் பழைய கைப் பம்பைப் பார்த்திருப்பீர்கள். மருந்து டப்பாவில் மூழ்கியிருக்கும் சிறு குழாயின் மேல்முனைக்குக் குறுக்கே காற்றை வேகமாகத் தள்ளினால், மருந்து தானே மேலேறிப் புகை போலச் சிதறும். கார்புரேட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. என்ஜின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியே போகும்போது வேகம் கூடுகிறது. வேகம் கூடும் இடத்தில் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஜெட் துளை வழியே மேலேறி, காற்றில் கலந்து உள்ளே போகிறது.

கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்காக உள்ளே ஒரு மிதவையும் ஒரு ஊசி வால்வும் இருக்கின்றன. மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து தண்ணீர் நிறைந்ததும் குழாயை அடைப்பது போலத்தான்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் என்ஜின் சூடேறும், இழுக்காது. பெட்ரோல் கூடினால் கரும்புகை கக்கும், ப்ளக் கரி பிடிக்கும். இந்த அளவைக் காப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டம் உள்ள துளைகள். சில ஐடில் ஜெட்களின் துளை அரை மில்லிமீட்டர் கூட இராது. ஒரு மண் துகள் போதும் அதை அடைக்க.

கழற்றுவதற்கு முன்

என்ஜின் கிளம்பாத போது முதலில் ஸ்பேனரை எடுக்காதீர்கள். டேங்கில் பெட்ரோல் உண்டா, டேப் திறந்திருக்கிறதா, என்ஜின் சுவிட்ச் ஆன் நிலையில் உள்ளதா என்று பாருங்கள். இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். அரை மணி நேரம் கயிறு இழுத்த பிறகு சுவிட்ச் ஆஃப் நிலையில் இருந்ததைக் கண்ட அனுபவம் எனக்கே உண்டு. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்கள் பலவற்றில் ஆயில் குறைந்தால் என்ஜினை ஓட விடாமல் நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. கருவி சாய்ந்த நிலையில் இருந்தாலும் அது தடுத்துவிடும். சமதரையில் நிறுத்தி ஆயில் மட்டத்தைப் பாருங்கள்.

டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை இருக்கும். அதில் மண் அடைத்தால் பெட்ரோல் இறங்காது. பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மூச்சடைத்தது போல நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி கிளம்பும் என்ஜினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அடுத்து ஏர் பில்டர். புழுதிக் காட்டில் ஓடும் கருவிக்கு இதுதான் மூக்கு. ஸ்பாஞ்சு வகை பில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பிழிந்து, நன்கு உலர்த்தி, சில துளி என்ஜின் ஆயில் விட்டுப் பிசைந்து மாட்ட வேண்டும். காகித பில்டரைக் கழுவக் கூடாது. மெதுவாகத் தட்டி உதறலாம், மிகவும் கறுத்திருந்தால் மாற்ற வேண்டும். பில்டர் அடைத்த என்ஜின் கரும்புகை விடும். அதைப் பார்த்துவிட்டுப் பெட்ரோலைக் குறைப்பதற்காகத் திருகைத் திருப்புகிறவர்கள் நோயை விட்டு நிழலுக்கு மருந்து போடுகிறவர்கள்.

பிறகு ப்ளக்கைக் கழற்றுங்கள். பல முறை இழுத்த பின்னும் ப்ளக் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. நனைந்து சொட்டினால் பெட்ரோல் வருகிறது. பொறிதான் இல்லை, அல்லது சோக்கை மூடியே வைத்து இழுத்ததால் உள்ளே நிரம்பிவிட்டது. நிரம்பிய என்ஜினுக்கு சோக்கைத் திறந்து, ப்ளக்கைத் துடைத்து உலர்த்தி, ப்ளக் இல்லாமலேயே சில முறை கயிற்றை இழுத்து உள்ளே உள்ள பெட்ரோலை வெளியேற்றினால் போதும். அவ்வாறு இழுக்கும்போது சுவிட்ச் ஆஃப் நிலையில் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் ப்ளக் முனை இளம் பழுப்பு நிறமாக இருந்தால் கலவை சரி. மசி போலக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு; அந்த என்ஜினைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

சுத்தம் செய்யும் முறை

ப்ளக் காய்ந்திருக்கிறது, டேங்கிலிருந்து குழாய் வரை பெட்ரோல் நன்றாக வருகிறது என்றால் கோளாறு கார்புரேட்டருக்குள்தான். என்ஜின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் வேலையைத் தொடங்குங்கள். ஒரு வெள்ளை வேட்டித் துண்டைத் தாம்பாளத்தில் விரித்துக்கொண்டு அதன்மேல் வைத்துக் கழற்றுவது என் வழக்கம். ஊசி வால்வு ஒரு நெல்மணியை விடச் சற்றே பெரியது. மண்ணில் விழுந்தால் கிடைக்காது.

பல கார்புரேட்டர்களில் கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு வடிகால் திருகு இருக்கும். டேப்பை மூடி, அந்தத் திருகைத் தளர்த்தி, வடியும் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகவோ தனி அடுக்காகவோ தண்ணீர் தெரிந்தாலும், துருவோ மணலோ இருந்தாலும், டேங்கையே கழுவ வேண்டும். கிண்ணத்தை மட்டும் கழுவினால் மறுநாள் அதே கதைதான்.

பிறகு கிண்ணத்தைக் கழற்றுங்கள். மிதவையின் குறுக்கே உள்ள ஊசியை உருவினால் மிதவையும் ஊசி வால்வும் கையோடு வரும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை, மாற்ற வேண்டியதுதான். ஊசி வால்வின் நுனியில் வளையம் போலத் தேய்மானம் தெரிந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

நடுவில் இருப்பது மெயின் ஜெட். அது பித்தளை. அகலம் குறைந்த திருப்புளியை வைத்துத் திருகினால் அதன் பள்ளம் சிதைந்துவிடும். பள்ளத்தில் முழுவதுமாக உட்காரும் திருப்புளியே வேண்டும். சுத்தமான பெட்ரோலில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்து, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். பிறகு ஜெட்டைச் சூரிய வெளிச்சத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை நிலா போலத் தெரிந்தால் பிசின் இன்னும் இருக்கிறது. ஊசியாலோ இரும்புக் கம்பியாலோ குத்தக் கூடாது. துளை ஒரு முறை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் வீண். வேறு வழியே இல்லையென்றால் மின்சார ஒயரின் உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றை உருவி, அழுத்தாமல் விட்டு எடுங்கள். ஜெட்டுக்கு மேலே பக்கவாட்டில் பல துளைகள் உள்ள ஒரு சிறு குழாய் இருக்கும். அந்தத் துளைகளையும் பாருங்கள். பலர் இதை மறந்துவிட்டு, ஜெட்டை மட்டும் கழுவி மாட்டி, மறுபடி என்னிடம் வருவார்கள்.

கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே கடைகளில் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் ரப்பர் வளையம், டயாப்ரம், ரப்பர் நுனி உள்ள ஊசி வால்வு ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டே அதை அடிக்க வேண்டும். கண்ணில் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

பெட்ரோல் வழிந்தால்

சில நேரம் நோய் இதற்கு நேர்மாறாக இருக்கும். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கும். ஊசி வால்வின் இருப்பிடத்தில் தூசு மாட்டியிருக்கலாம். திருப்புளியின் மரக் கைப்பிடியால் கிண்ணத்தை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினால் சில சமயம் அதிலேயே சரியாகும். சரியாகாவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இதை அலட்சியம் செய்யக் கூடாது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரவு முழுவதும் வழியும் பெட்ரோல் சிலிண்டர் வழியே இறங்கி என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். காலையில் ஆயில் மட்டம் கூடியிருந்தாலோ, அளவுக் குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தாலோ, அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றாமல் என்ஜினை ஓட்டாதீர்கள். நீர்த்துப் போன ஆயிலில் ஓடும் என்ஜின் ஒரே நாளில் பேரிங்கைத் தின்றுவிடும். மாலையில் வேலை முடிந்ததும் டேப்பை மூடும் பழக்கம் ஒன்றே இந்தச் செலவைத் தவிர்க்கும்.

இனித் திருகு

எல்லாம் சுத்தமான பிறகும் என்ஜின் சீராக ஓடவில்லை என்றால்தான் திருகுக்கு வர வேண்டும். பெரும்பாலான கார்புரேட்டர்களில் வெளியே இரண்டு திருகுகள் தெரியும். ஒன்று திராட்டில் முழுவதும் மூடிவிடாமல் தாங்கி நிற்பது. அது வேகத் திருகு. மற்றொன்று ஐடில் கலவைத் திருகு.

கலவைத் திருகைத் தொடுவதற்கு முன், அது எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்பதை எண்ணிச் சுவரில் எழுதி வையுங்கள். மெதுவாக வலப்பக்கம் திருப்பி, லேசாக முட்டும் வரை எண்ண வேண்டும். இறுக்கக் கூடாது. இறுக்கினால் அதன் கூர் நுனியில் பள்ளம் விழும். பிறகு எந்த நிலையிலும் சரியாக நிற்காது. பல சிறு என்ஜின்களுக்கு ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று வரை திறப்பு தொடக்க நிலையாக இருக்கும். உங்கள் கருவியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. சில புதிய என்ஜின்களில் திருகு அதிகம் சுற்றாதபடி ஒரு மூடி பொருத்தியிருப்பார்கள். அதை உடைக்க வேண்டாம்.

ஏர் பில்டரை மாட்டி, என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சோக்கை முழுவதும் திறந்த பிறகே சரிசெய்ய வேண்டும். கலவைத் திருகை எட்டில் ஒரு பங்கு சுற்றாக இருபுறமும் மெதுவாகத் திருப்பி, என்ஜின் எந்த இடத்தில் அதிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு வேகத் திருகால் வேகத்தைக் குறைத்துக் கொள்ளலாம். ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று கொடுத்துப் பார்க்க வேண்டும். தயங்காமல் எழும்பினால் சரி. ஒரு கணம் மூச்சு முட்டினால் கலவையைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

எந்தப் பக்கம் திருப்பினால் பெட்ரோல் கூடும் என்பதில் ஒரு குழப்பம் உண்டு. திருகு என்ஜினை ஒட்டிய பக்கம் இருந்தால் பெரும்பாலும் வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஏர் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு. வெளியே திருப்பினால் காற்று கூடும், பெட்ரோல் குறையும்.

இங்கே மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் திருகுக்கு ஐடில் வேகத்திலும் அதற்குச் சற்று மேலும்தான் அதிகாரம். கருவி மண்ணில் இறங்கி முழு வேகத்தில் இழுக்கும்போது கலவையைத் தீர்மானிப்பது மெயின் ஜெட். "சும்மா ஓடுது, மண்ணுல வெச்சா நின்னுடுது" என்று சொல்கிறவர்கள் இந்தத் திருகை எத்தனை முறை திருப்பினாலும் பயன் இல்லை. அதற்கு ஒரு சோதனை உண்டு. வேலைச் சுமையில் இருக்கும்போது சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். என்ஜின் நன்றாக இழுத்தால் பெட்ரோல் போதவில்லை. மெயின் ஜெட் அடைத்திருக்கிறது. சோக்கை மூடினால் இன்னும் மோசமாகிக் கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம். பில்டரையும் மிதவையையும் பாருங்கள்.

சுமையின்றி ஓடும்போது வேகம் கூடிக் கூடிக் குறைந்து, அலை போல ஏறி இறங்கினால் ஐடில் ஜெட் பாதி அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள கேஸ்கட் வழியே திருட்டுக் காற்று போகும். அந்த இணைப்பின்மேல் சில துளி என்ஜின் ஆயில் விட்டுப் பாருங்கள். அலைச்சல் நின்றால் கேஸ்கட்டை மாற்ற வேண்டும்.

மலை விவசாயிகளுக்கு

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கவாத்து இயந்திரமும் புல் வெட்டும் கருவியும் ஏராளம். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. சமவெளியில் சரிசெய்த கருவியை மேலே கொண்டு போனால் காற்று குறைந்து பெட்ரோல் கூடியதாகிப் புகையும், இழுவையும் குறையும். மலைக்கென்று சிறிய ஜெட் போடுவது வழக்கம்.

ஆபத்து இருப்பது இறங்கும் வழியில்தான். சிறிய ஜெட் போட்ட மலைக் கருவியை மலிவாகக் கிடைக்கிறது என்று மேட்டுப்பாளையத்தில் வாங்கி ஓட்டினால் பெட்ரோல் போதாமல் சூடேறிப் பிஸ்டன் பிடித்துவிடும். பழைய கருவி வாங்குகிறவர்கள் அது எங்கே ஓடியது என்று கேட்டு வாங்குங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

2023 பிப்ரவரியில் 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-க்குள் அது நாடெங்கும் பரவிவிட்டது. கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடுகிறவர்களுக்கு எத்தனாலைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் சிறு என்ஜின் வைத்திருப்பவர்கள் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். திறந்த கேனிலோ பாதி நிறைந்த டேங்கிலோ மழைக்காலம் முழுவதும் கிடந்தால், ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேப் இருப்பதும் அடியில்தான். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் இது இன்னும் கேடு. அடியில் தங்கும் திரவத்தில் மசகு ஆயில் ஏறக்குறைய இராது. அதைக் குடித்த என்ஜினுக்குப் பிஸ்டன் பிடிக்கும் அபாயம் உண்டு.

மேலும், ஒரு கிலோ எத்தனால் எரிய சுமார் 9 கிலோ காற்றே போதும். அதாவது ஏற்கெனவே வெறும் பெட்ரோலுக்குச் சரிசெய்த கார்புரேட்டரில் இந்தப் பெட்ரோலை ஊற்றினால் கலவையில் காற்று சற்று மிகுந்துவிடும். எலக்ட்ரானிக் வண்டி அதை உணர்ந்து தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. பழைய கருவி காலையில் நெடுநேரம் சோக் கேட்டால், ப்ளக் வெளுத்தால், ஐடில் திருகில் கால் சுற்று கூட்டிப் பார்க்கலாம். சுமையிலும் அப்படியே இருந்தால் அடுத்த எண் பெரிய மெயின் ஜெட் கிடைக்குமா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். பழைய ரப்பர் குழாய் கையில் பிசுபிசுத்தாலோ, விரிந்து வெடித்தாலோ உடனே மாற்றுங்கள்.

பெட்ரோலை மூன்று நான்கு வாரத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். குளிர்பான பாட்டிலிலும் பூச்சி மருந்து டின்னிலும் பிடிக்க வேண்டாம். டேங்கில் ஊற்றும்போது மெல்லிய வலை வைத்த புனலைப் பயன்படுத்துங்கள். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்குக் கையேட்டில் சொன்ன அளவிலேயே ஆயில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கேனில் கலந்து குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும். டேங்கில் தனித் தனியாக ஊற்றக் கூடாது.

புல் வெட்டும் கருவியிலும் மர வாளிலும் கிண்ணமும் மிதவையும் இராது. எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் அவற்றில் மெல்லிய டயாப்ரம் வைத்திருப்பார்கள். டயாப்ரம் உலர்ந்து காகிதம் போல மொடமொடத்துவிட்டால் எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அதற்கென்று டயாப்ரமும் கேஸ்கட்டும் அடங்கிய கிட் தனியே விற்கிறார்கள். கருவியின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கிணற்றுக்குள் தண்ணீர் கீழே போய்விட்டது என்று பெட்ரோல் பம்பு செட்டைக் கிணற்றுத் திட்டில் இறக்கி ஓட்டக் கூடாது. மூடிய கொட்டகையிலும் என்ஜினைச் சோதிக்கக் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மயங்கியவரைத் தூக்கக் கிணற்றில் இறங்குகிறவரும் மேலே வருவதில்லை.

பருவம் முடிந்ததும்

மண்ணெண்ணெயில் ஓடிய பழைய பம்பு செட்டை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மறக்காமல் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்புவார்கள். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் காலையில் கிளம்பாது என்று அவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு நிறுத்தும் முன் டேப்பைத் திருப்பிய அதே கை, இன்றைக்குப் பருவம் முடிந்ததும் டேப்பை மூட வேண்டும்.

கடைசிக் களை எடுத்த அன்றே டேங்கில் உள்ள பெட்ரோலை வடித்து மொபெட்டில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிடுங்கள். ஆயில் கலந்த பெட்ரோலாக இருந்தால் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு மட்டுமே ஊற்றலாம். பிறகு டேப்பை மூடி, என்ஜினைத் தானாக நிற்கும் வரை ஓட்டுங்கள். கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து மிச்சத்தையும் இறக்குங்கள். ஆறியதும் ப்ளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்து, ப்ளக்கை மாட்டுங்கள். மறுபடி மெதுவாக இழுத்து, கை கனக்கும் இடத்தில் நிறுத்தி விடுங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் அப்போது வால்வுகள் மூடியிருக்கும், உள்ளே ஈரம் போகாது. எலி கூடு கட்டாதபடி சாக்கால் மூடி, தரையில் வைக்காமல் பலகையின்மேல் வைக்க வேண்டும்.

நாமக்கல் பெரியவருக்கும் இதைச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஆடியில் அந்த வழியாகப் போனபோது கருவி காட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்திலேயே ஐடில் சரியாக இருப்பது தெரிந்தது. சாளைச் சுவரில் கரிக்கட்டியால் "1¾ சுத்து" என்று எழுதியிருந்தார். பக்கத்தில் ஆணியில் ஒரு சிறிய பை தொங்கியது. உள்ளே ஒரு ப்ளக், ஒரு ஊசி வால்வு, கிண்ணத்துக்கு ஒரு ரப்பர் வளையம், ஒரு மெயின் ஜெட், ஒரு சாண் பெட்ரோல் குழாய். "ஜெட் வாங்கையில கடைக்காரன் வேற நம்பரைக் குடுத்தானுங்க சார். பழசைக் கையில எடுத்துட்டுப் போனதால தப்பிச்சேன்" என்றார்.